பூட்டு இருக்கிறது, ஆள் இல்லை

அலுவலக வலைப்பின்னலில் ‘ஃபைல் லாக் ஆகிவிட்டது’ என்ற ஒரே புகாருக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு சங்கதிகள் அடங்கியிருக்கின்றன. கோப்பைத் திறக்கும்போதே இயங்குதளம் பதிந்துகொள்ளும் பகிர்வு நிபந்தனை ஒன்று. கோப்பின் ஒரு துண்டை மட்டும் பிடித்துவைக்கும் பைட் பூட்டு இன்னொன்று. வேர்ட், எக்செல் போன்ற நிரல்கள் தாமாகவே பக்கத்தில் எழுதிவைக்கும் சின்ன அடையாளக் கோப்பு மூன்றாவது. பெயரில் பூட்டு இருந்தாலும் பூட்டே அல்லாத ‘ஆப்லாக்’ நான்காவது. திரையில் வரும் செய்தி இந்த நான்கையும் பிரித்துக் காட்டுவதில்லை. பிரித்துப் பார்க்காமல் கைவைப்பதால்தான் பத்து நிமிடத்தில் தீர வேண்டிய சிக்கல் பாதி நாளை விழுங்குகிறது.

தனியாள் கணினியாகப் பிறந்த பீசிக்கு முதலில் இந்தக் கவலை கிடையாது. ஒரு கணினி, ஒரு ஆள், ஒரு சமயத்தில் ஒரு நிரல். 1984இல் வந்த எம்எஸ்-டாஸ் 3.0 பதிப்புதான் ‘ஷேர்’ என்ற துணை நிரலோடு வந்து, ஒரே கோப்பை இருவர் நாடினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை வைத்தது. கோப்பைத் திறக்கும் நிரல் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: தனக்கு என்ன வேண்டும், மற்றவருக்கு எதை விடத் தயார். இன்றைய விண்டோஸிலும் அடிப்படை அதுவே. படிக்க, எழுத, அழிக்க என மூன்று அனுமதிகளில் எதை மற்றவருக்கு விடுவது என்பதைத் திறப்பவர் அறிவிக்கிறார். புதிதாக வருபவரின் தேவை, முன்னவர் விட்டுக்கொடுத்ததற்குள் அடங்க வேண்டும். முன்னவர் செய்துகொண்டிருக்கும் வேலையும் புதியவர் விதிக்கும் நிபந்தனைக்குள் அடங்க வேண்டும். இந்த இரண்டாவது பாதி பெரும்பாலும் மறந்துபோகிறது. ‘நான் படித்து முடிக்கும்வரை யாரும் எழுதக்கூடாது’ என்று கேட்டுக்கொண்டு வரும் பேக்கப் நிரல், ஏற்கெனவே ஒருவர் எழுதத் திறந்திருந்தால் தானே தோற்றுத் திரும்பும். அது முந்திக்கொண்டால் காலையில் வேலைக்கு வருபவர் தோற்பார். பொருத்தம் கூடாதபோது விண்டோஸ் தரும் பிழையின் எண் 32.

பிழை எண் 33 வேறு. அது கோப்பின் ஒரு பகுதியை யாரோ பிடித்திருப்பதைச் சொல்கிறது. முழுக் கோப்பையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு மற்ற பத்துப் பேர் காத்திருப்பது கணக்கு எழுதும் இடங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே டிபேஸ் என்ற பழைய தரவு நிரலின் காலத்திலிருந்தே, பதிவு ஒன்றுக்கு உரிய பைட்டுகளை மட்டும் பூட்டுவது வழக்கமானது. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் இதை இன்னும் தந்திரமாகச் செய்கிறது. தரவுக் கோப்புக்குப் பக்கத்தில் ஒரு துணைக் கோப்பை உருவாக்கி, அதில் எழுத்தே இல்லாத, கோப்பின் முடிவையும் தாண்டிய இடங்களில் பூட்டுகளைப் போடுகிறது. இல்லாத இடத்தைப் பூட்டுவதா என்று கேட்கத் தோன்றும். பூட்டு என்பது இங்கே ஒரு பொதுக் குறிப்பேட்டில் போடும் டிக் மட்டுமே. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது பொருட்டில்லை. ஆக்சஸ் 2000க்கு முன்பு ஒரு பதிவைத் திருத்தினால் அதே பக்கத்தில் இருந்த அண்டைப் பதிவுகளும் சேர்ந்து பூட்டப்பட்டன. அந்தப் பதிப்பில்தான் வரிசை அளவிலான பூட்டு வந்தது.

யூனிக்ஸ் வழி வேறு. அங்கே பூட்டு பெரும்பாலும் அறிவுரை: மதிக்கும் நிரல் மதிக்கும், மதிக்காத நிரல் நேராகப் போய் எழுதிவிடும். லினக்ஸ் சில காலம் கட்டாயப் பூட்டையும் வைத்திருந்தது. யாரும் அதிகம் நாடாததாலும் நம்பகம் குறைவென்பதாலும் 2021இல் வந்த 5.15 கெர்னலில் அதை எடுத்தே போட்டார்கள். யூனிக்ஸ் தரநிலையான போசிக்ஸின் பூட்டில் ஒரு விசித்திரமும் உண்டு. ஒரே நிரல் ஒரே கோப்பை இரண்டு இடத்தில் திறந்து, அவற்றில் ஒன்றை மூடினாலே அந்தக் கோப்பின் மீது அது வைத்திருந்த பூட்டுகள் எல்லாம் கழன்றுவிடும். இந்த இரு மரபுகளும் ஒரே அலுவலகத்தில் சந்திக்கும் இடம் சாம்பா. 1992இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய இந்த மென்பொருள், லினக்ஸ் கணினியை விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்பு சர்வராகக் காட்டுகிறது. சந்தையில் விற்கும் பல நாஸ் பெட்டிகளுக்குள் ஓடுவதும் இதுதான். விண்டோஸ் கேட்கும் பகிர்வு நிபந்தனைகளைச் சாம்பா தன் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறது. அந்தப் பெட்டியிலேயே இரவில் ஓடும் ஒரு நகல் எடுக்கும் ஸ்கிரிப்ட்டுக்கு அந்தக் குறிப்பேடு இருப்பதே தெரியாது. இரு தரப்பும் பூட்டை மீறாததாகவே தோன்றும். எடுத்த நகல் மட்டும் கெட்டிருக்கும்.

மூன்றாவது வகையான அடையாளக் கோப்புதான் அலுவலகத்தில் அதிகம் கண்ணில் படுவது. வேர்ட் ஆவணத்தைத் திறந்ததும் அதே கோப்புறையில் ~$ என்று தொடங்கும் மறைந்த கோப்பு ஒன்று முளைக்கிறது. உள்ளே இருப்பது திறந்தவரின் பெயர், அவ்வளவுதான். லிப்ரே ஆஃபிஸும் இதே போல் ஆவணத்தின் பெயரோடு ஒரு பூட்டுக் கோப்பை வைக்கிறது. ஆட்டோகேட் வரைபடத்துக்குப் பக்கத்திலும் டிடபிள்யூஎல் என முடியும் கோப்புகள் தோன்றும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் போன்றது இது. துண்டு யாரையும் தடுத்து நிறுத்தாது. இது யாருடைய இடம் என்று சொல்ல மட்டும் செய்யும். ‘இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார்’ என்று திரையில் வரும் பெயர் இந்தத் துண்டிலிருந்து வருவது. உண்மையான தடை, திறந்திருக்கும் கோப்பின் பகிர்வு நிபந்தனையில் இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத தருணங்களில்தான் குழப்பமெல்லாம். வேர்ட் நின்றுபோய்க் கணினி அணைந்தால் துண்டு அங்கேயே கிடக்கும். மறுநாள் அதே ஆள் திறக்கும்போது, ஆவணத்தை அவரே திறந்து வைத்திருப்பதாக அவரிடமே திரை சொல்லும். பெயரைப் படிக்க முடியாவிட்டால் ‘வேறொரு பயனர்’ என்ற முகமில்லாத ஆள் வருகிறார். அந்தக் கோப்புறையில் கோப்பை உருவாக்க உரிமை இருந்தும் அழிக்க உரிமை இல்லாத பயனர்கள் இருந்தால் இத்தகைய துண்டுகள் அழியாமல் சேர்ந்துகொண்டே போகும். ஆக்சஸின் துணைக் கோப்புக்கும் இதே விதி. கடைசி ஆள் மூடும்போது அது அழிய வேண்டும். அழிக்கும் உரிமை இல்லாதவர் கடைசியாக மூடினால் அது அப்படியே தங்கும். அந்தக் கோப்பில் ஒரு பயனருக்கு 64 பைட் வீதம், கணினிப் பெயரும் பயனர் பெயரும் பதிவாகின்றன. 255 பேருக்கு மேல் இடமில்லை. ஆனால் வெளியேறியவரின் பெயரை அது உடனே துடைப்பதில்லை. பட்டியலில் இருப்பவரெல்லாம் உள்ளே இருப்பவரல்லர்.

ஆப்லாக் என்பதன் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். வாய்ப்புப் பூட்டு என்று சொல்லலாம், ஆனால் இது யாரையும் தடுப்பதில்லை. ஒரு கோப்பை ஒரே ஒரு கணினி மட்டும் திறந்திருக்கும்போது, ‘வேறு யாரும் இல்லை, உன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு வேலை செய், ஒவ்வொரு எழுத்துக்கும் இங்கே ஓடிவர வேண்டாம்’ என்று சர்வர் தரும் சலுகை அது. இரண்டாவது ஆள் கேட்டு வந்தால் சர்வர் முதல் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது: சலுகை முடிந்தது, கையில் இருக்கும் மாற்றங்களை அனுப்பிவிட்டு ஒப்புதல் சொல். அந்த ஒப்புதல் வரும்வரை இரண்டாமவர் காத்திருக்க வேண்டும். விண்டோஸ் சர்வர் பதிலுக்காகப் பொறுக்கும் இயல்புநிலை நேரம் 35 வினாடி. ஒரு கோப்பு மட்டும் திறக்க அரை நிமிடத்துக்கு மேல் திணறி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் திறந்தால், முதல் கணினி சலுகையைத் திருப்பித் தரவில்லை என்று சந்தேகிக்கலாம். கேபிள் தளர்ந்திருக்கலாம், வைஃபை விட்டு விட்டு வரலாம், மடிக்கணினி உறங்கியிருக்கலாம். விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியில், விண்டோஸ் 7 காலத்து 2.1 பதிப்பிலிருந்து இந்தச் சலுகை ‘லீஸ்’ என்ற விரிந்த வடிவத்துக்கு மாறியது. வேகம் கூடியது, புதுச் சிக்கலும் வந்தது. 2018இல் விண்டோஸ் 10இன் 1803 பதிப்புக்குப் பிறகு, பகிர்ந்த ஆக்சஸ் தரவுத்தளங்கள் ‘முரணான நிலையில்’ இருப்பதாகப் பிழை காட்டத் தொடங்கின. அதற்குத் தற்காலிக வழியாக, கோப்பு சர்வரில் லீஸ் வசதியை அணைக்கும்படி மைக்ரோசாஃப்ட்டே சொல்ல வேண்டியிருந்தது.

இத்தனை குறைகளுக்கு நடுவில் பூட்டின் பயனை எடைபோட ஒரு எளிய ஒப்பீடு போதும். நோட்பேட் கோப்பைப் படித்ததும் மூடிவிடுகிறது. திரையில் இருப்பது நினைவகத்து நகல். ஆகவே இரண்டு பேர் ஒரே உரைக் கோப்பைத் திறந்து, ஒருவர் பத்து வரியும் மற்றவர் இரண்டு வரியும் சேர்த்துச் சேமித்தால் கடைசியாகச் சேமித்தவரின் இரண்டு வரி மட்டுமே மிஞ்சும். எந்த எச்சரிக்கையும் வராது. பத்து வரி எழுதியவருக்கு அடுத்த வாரம்தான் தெரியும். பூட்டு இந்த மௌனமான இழப்பைத் தொல்லை தரும் ஒரு செய்தியாக மாற்றுகிறது. அந்தத் தொல்லையே அதன் சேவை. கூடவே, தனி சர்வர் நிரல் எதுவும் வேண்டாம். ஒரு பகிர்ந்த கோப்புறை போதும். நிரல்களை எழுதுபவருக்கும் சிரமம் குறைவு. ஐந்து பேர் அலுவலகம் ஒன்று முப்பது ஆண்டுகளாக இந்த ஏற்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் அது முட்டாள்தனமும் ஆகாது, சோம்பேறித்தனமும் ஆகாது. மலிவு, எளிமை, போதுமான பாதுகாப்பு.

குறை அதன் உள்ளேயே இருக்கிறது. கோப்பு திறந்திருக்கிறதா என்பது மட்டுமே பூட்டுக்குத் தெரியும். திறந்தவர் அதில் வேலை செய்கிறாரா, மூட மறந்துவிட்டாரா, வீட்டுக்கே போய்விட்டாரா என்பது அதற்குத் தெரியாது. தரவுத்தளத் துறை இதை ஆரம்பத்திலேயே உணர்ந்தது. பூட்டை நொடியின் சிறு பங்கு நேரம் மட்டும் வைத்திருந்து விட்டுவிட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். 1981இல் குங், ராபின்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இன்னும் ஒரு படி போய், முன்கூட்டிப் பூட்டாமல் வேலையைச் செய்ய விட்டு, முடிக்கும்போது மோதல் உண்டா என்று பார்க்கலாம் என்று முன்வைத்தார்கள். அலுவலகக் கோப்புகளின் பூட்டோ மனிதரின் வேலை நாளோடு கட்டப்பட்டிருக்கிறது. காலை ஒன்பதரைக்கு வருகைப் பதிவேட்டைத் திறப்பவர் மாலை ஆறு வரை மூடுவதில்லை. அதில் அவர் எழுதுவது காலையில் இரண்டு நிமிடம், மாலையில் இரண்டு நிமிடம்.

யூனிக்ஸ் உலகின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான என்எஃப்எஸ்ஸில் இதற்குப் பாதித் தீர்வு ஒன்று வந்தது. அதன் நான்காம் பதிப்பில் பூட்டு ஒரு குத்தகை. வைத்திருக்கும் கணினி அவ்வப்போது ‘இன்னும் இருக்கிறேன்’ என்று சொல்லிப் புதுப்பிக்க வேண்டும்; லினக்ஸ் சர்வரில் இயல்புநிலைக் கெடு 90 வினாடி. சொல்லாவிட்டால் சர்வர் பூட்டை எடுத்துக்கொள்ளலாம். செத்துப்போன கணினியை இது கண்டுபிடிக்கும். உயிரோடு இருக்கும் கணினிக்கு முன்னால் காலியாக இருக்கும் நாற்காலியை எந்தக் குத்தகையும் கண்டுபிடிக்காது.

காத்திருக்க முடியாதவர் என்ன செய்கிறார் என்பதில் இன்னொரு சேதம் இருக்கிறது. படிக்க மட்டும் திறந்து, வேறு பெயரில் சேமித்து, வேலையை முடித்துவிடுகிறார். மாத இறுதியில் கோப்புறையில் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘புதிய இறுதி’ என்று மூன்று கோப்புகள். பூட்டு மூலக் கோப்பைக் காப்பாற்றியது. அலுவலகத்தின் தகவல் மூன்றாக உடைந்தது. பூட்டு சரியாக வேலை செய்ததன் விளைவே இது என்பதால் எந்தப் பிழைப் பதிவிலும் இது ஏறாது.

இனிச் சிக்கலைத் தீர்க்கும் முறை. பல அலுவலகங்களில் நடைமுறை ஒரே வரி: சர்வரில் போய் அந்தக் கோப்பை வலுக்கட்டாயமாக மூடு, இல்லாவிட்டால் சர்வரையே மறுபடி இயக்கு. வேலையும் நடந்துவிடுகிறது, ஆகவே முறை நிலைத்துவிட்டது. அதன் மதிப்பைப் பார்க்கும் முன், கைவைக்காமல் தெரிந்துகொள்ளக்கூடியவை எவ்வளவு என்று பார்ப்பது நல்லது.

முதலில், இது பூட்டுத்தானா? ‘அனுமதி இல்லை’ என்ற பிழை எண் 5 வந்தால் பெரும்பாலும் உரிமைச் சிக்கல். ‘படிக்க மட்டும்’ என்ற பண்பு ஒட்டிக்கொண்டிருந்தாலும் எழுத விடாது. இங்கும் ஒரு பொறி உண்டு. ஒருவர் திறந்திருக்கும் கோப்பை இன்னொருவர் அழித்தால், கடைசிக் கைப்பிடி (திறந்த கோப்பின் மீது நிரலுக்கு இருக்கும் பிடி) விடுபடும்வரை அது ‘அழிய வேண்டியது’ என்ற நிலையில் தொங்கும். அப்போது அதைத் திறப்பவருக்கும் 5ஆம் எண் பிழையே கிடைக்கும். உரிமைகளை மணிக்கணக்கில் சரிபார்த்தும் ஒன்றும் புலப்படாத வழக்குகளில் இதுவும் ஒன்று. சேமிக்கும்போது மட்டும் தோற்பது வேறு வகை. வேர்ட் பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி, பெயர்களை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. எழுதும் உரிமை இருந்தும் அழிக்கும் உரிமை இல்லாதவர் இங்கே மாட்டிக்கொள்வார். அந்தத் தற்காலிகக் கோப்பு பிறந்த கணமே ஆன்ட்டிவைரஸ் அதைத் திறந்து பார்த்தாலும் பெயர் மாற்றம் தோற்கும். பத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் பிழை என்றால் இத்தகைய மூன்றாம் ஆளைத்தான் முதலில் தேட வேண்டும்.

அடுத்தது, யார் பிடித்திருக்கிறார்கள் என்பது. விண்டோஸ் சர்வரில் கணினி மேலாண்மைத் திரையின் பகிர்ந்த கோப்புறைப் பிரிவில் திறந்த கோப்புகளின் பட்டியல் இருக்கிறது. ‘நெட் ஃபைல்’ கட்டளையும் பவர்ஷெல்லின் ‘கெட்-எஸ்எம்பிஓபன்ஃபைல்’ கட்டளையும் அதே தகவலைத் தருகின்றன. சாம்பாவில் ‘எஸ்எம்பிஸ்டேட்டஸ்’. இந்தப் பட்டியலை வாசிப்பதில் ஒரு பொதுத் தவறு நிகழ்கிறது: திறந்திருப்பதெல்லாம் பூட்டியிருப்பதாகக் கொள்வது. பட்டியலில் திறந்த முறை என்று ஒரு பத்தி, பூட்டுகளின் எண்ணிக்கை என்று ஒரு பத்தி. படிக்க மட்டும் திறந்து, பூட்டு 0 என்று காட்டும் பெயர் பெரும்பாலும் நிரபராதி. பெரும்பாலும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தப் பகிர்வு நிபந்தனையோடு திறந்தார் என்பதை மேலாண்மைத் திரை காட்டுவதில்லை. பெயர் கிடைத்ததும் தொலைபேசி எடுத்துக் கேட்பது இன்றைக்கும் மிக வேகமான வழி. அவர் ‘நான் திறக்கவே இல்லையே’ என்றால் பொய் சொல்கிறார் என்று பொருளில்லை. அவருடைய எக்ஸ்ப்ளோரரில் முன்னோட்டப் பலகம் திறந்திருக்கலாம். கோப்பின் மேல் ஒருமுறை சொடுக்கியதே போதும். படங்கள் உள்ள கோப்புறையைப் பார்த்துக்கொண்டிருந்தால், சிறுபடங்களைச் சேர்க்கும் ‘தம்ப்ஸ்’ என்ற மறைகோப்பைக் கணினி பிடித்துக்கொண்டு கோப்புறையையே அழிக்கவிடாமல் செய்யும். இதைக் குழுக் கொள்கை ஒன்றில் அணைத்துவைக்கலாம். அவர் கணினியில் எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று அறிய, சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் ‘பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ இருக்கிறது. கோப்பின் மேல் வலச்சொடுக்கிப் பார்க்க விரும்புபவருக்கு, 2022இல் பவர்டாய்ஸில் சேர்ந்த ‘ஃபைல் லாக்ஸ்மித்’ இருக்கிறது.

பட்டியலில் யார் பெயருமே இல்லை, ஆனாலும் பூட்டு என்றால்? அப்போது சர்வருக்குள்ளேயே தேட வேண்டும். பகிர்வு வழியாக வந்தவர்களை மட்டுமே அந்தப் பட்டியல் காட்டும். சர்வரிலேயே ஓடும் ஆன்ட்டிவைரஸ், பேக்கப், தேடல் அட்டவணை, கிளவுடுக்கு ஒத்திசைக்கும் நிரல் ஆகியவை அதில் வரா. ஒரே கோப்புறையை எஸ்எம்பி வழியாகவும் என்எஃப்எஸ் வழியாகவும் பகிர்ந்திருப்பது இன்னும் மோசம்; ஒரு வாசலில் போட்ட பூட்டு மறு வாசலில் தெரியாமல் போகலாம். எக்ஸ்பியும் சர்வர் 2003உம் கொண்டுவந்த நிழல் நகல் வசதியைப் பயன்படுத்தும் பேக்கப் நிரல்கள், திறந்த கோப்பையும் தொந்தரவின்றி நகலெடுக்கும். பயன்படுத்தாதவை இரவு தொடங்கி விடிந்தபிறகும் முடியாமல், முதல் ஷிப்ட்டோடு மோதும். புகார் எப்போதும் ஒரே நேரத்தில் வருகிறதா என்று பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு தாள் போதும். வியப்பு என்னவென்றால் அந்தத் தாளைத்தான் யாரும் வைப்பதில்லை.

ஆளும் இல்லாமல், கணினியும் இல்லாமல், பூட்டு மட்டும் இருக்கும் நிலை நம்மூர் அலுவலகங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. மின்சாரம் போகிறது. சர்வர் யுபிஎஸ்ஸில் தாங்கிக்கொள்கிறது. மேசைக் கணினிகள் பட்டென்று அணைகின்றன. சர்வரைப் பொறுத்தவரை யாரும் விடைபெற்றுப் போகவில்லை. இணைப்பு இறந்ததை டிசிபி தானாக உணர வேண்டும் என்றால், 1989இன் ஆர்எஃப்சி 1122 விதிப்படி சோதனைச் செய்தியின் இயல்புநிலை இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. சர்வர் மென்பொருள்கள் தம் பங்குக்குக் குறுகிய கெடுக்களை வைத்துக்கொள்வதுண்டு. ஒன்று போல ஒன்று இருக்காது. நிறுவிய சர்வரில் கெடு எவ்வளவு என்பதை ஒருமுறை கேபிளைப் பிடுங்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இதற்கிடையில் நல்ல நோக்கத்தோடு வந்த இன்னொரு வசதியும் பூட்டின் ஆயுளைக் கூட்டுகிறது. எஸ்எம்பி 2இலிருந்து, இணைப்பு ஒரு கணம் விட்டுப்போனாலும் கைப்பிடியைச் சர்வர் கொஞ்ச நேரம் காத்துவைக்கும். வைஃபை மாறும் மடிக்கணினிக்கு அது வரம். திரும்பி வராத கணினிக்கு அது ஆவிக்குப் போட்ட இலை.

இங்கேதான் வலுக்கட்டாயமாக மூடுவதற்கு நியாயம் கிடைக்கிறது. கணினி செத்துவிட்டது என்று கண்ணால் பார்த்து உறுதியானபின், அதன் அமர்வைத் துண்டிப்பதில் இழக்க எதுவும் மிச்சமில்லை. அவ்வாறு உறுதியாகாமல் மூடுவது வேறு கதை. மறுமுனையில் எக்செல் இன்னும் திறந்தே இருக்கிறது, சேமிக்காத மாற்றங்கள் அங்கே நினைவகத்தில் இருக்கின்றன, கைப்பிடி மட்டும் காலடியிலிருந்து உருவப்பட்டுவிட்டது. இந்தப் பக்கம் இன்னொருவர் உள்ளே வந்து எழுதிவிடுகிறார். முன்னவர் திரும்பி வந்து சேமிக்கும்போது நிரல் எச்சரிக்கலாம். எச்சரிக்கைப் பெட்டியை யார் படிக்கிறார்கள்? பூட்டு எந்த இழப்பைத் தடுக்கப் பிறந்ததோ, அதே இழப்பை நிர்வாகி தன் கையாலேயே ஏற்பாடு செய்துவிடுகிறார். ஆக்சஸ், ஃபாக்ஸ்புரோ வகைத் தரவுக் கோப்புகளில் இது இன்னும் ஆபத்து. அங்கே எழுத்தைச் செய்வது ஒவ்வொரு பயனர் கணினியும் நேரடியாக. பாதி எழுதிய நிலையில் அறுந்தால் அட்டவணையும் பதிவுகளும் ஒத்துப்போகாமல் முழுத் தரவுத்தளமே பழுதாகலாம். ~$ கோப்பை அழிப்பது இதற்கு நேர் எதிர்: ஆபத்து குறைவு, பயனும் குறைவு. உண்மையான பூட்டு உயிரோடு இருந்தால் துண்டை எடுத்து எறிவதால் கதவு திறக்காது. பூட்டு போய்த் துண்டு மட்டும் மிஞ்சியிருந்தால், அதை எடுப்பதே தீர்வு. அழிக்க விடாமல் விண்டோஸ் தடுத்தால், யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அந்தத் தடையே சொல்லிவிடுகிறது.

சர்வரை மறுபடி இயக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாப் பூட்டும் போகும், எல்லாருடைய வேலையும் போகும், எது காரணம் என்ற தடயமும் சேர்ந்து போகும். ஆகவே அடுத்த செவ்வாய்க்கிழமை அதே புகார் வரும்.

ஆப்லாக்கையும் லீஸையும் ஒட்டுமொத்தமாக அணைக்கும் ஆலோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய தரவு நிரல்களை விற்றவர்கள் நிறுவும் குறிப்பிலேயே அதை எழுதி அனுப்புவார்கள். பல பயனர்கள் ஒரே சமயத்தில் எழுதும் கோப்புக்கு அது நியாயமே. சலுகை தருவதும் உடனே பிடுங்குவதுமாகச் சர்வரின் நேரம் வீணாவதைவிட, தராமலே இருப்பது மேல். ஆனால் முழு சர்வருக்கும் அணைத்தால், ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திறக்கும் ஆயிரக்கணக்கான ஆவணங்களும் அந்த ஒரு தரவுத்தளத்துக்காக மெதுவாகும். அணைப்பதற்கு எல்லை போட முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. சாம்பாவில் ஒரு குறிப்பிட்ட பகிர்வுக்கோ, குறிப்பிட்ட பின்னொட்டுள்ள கோப்புகளுக்கோ மட்டும் அணைக்கலாம். விண்டோஸ் சர்வர் 2019 முதல் லீஸைப் பகிர்வு வாரியாக நிறுத்த முடிகிறது. தரவுத்தளத்தை அதற்கென்று ஒரு தனிப் பகிர்வில் வைத்து, அங்கே மட்டும் அணைப்பது நோயுள்ள இடத்தில் மட்டும் மருந்து தடவுவது. பழைய பதிவேட்டுச் சாவிகள் புதிய எஸ்எம்பி பதிப்புகளைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. இருபது ஆண்டுக்கு முந்தைய குறிப்பைப் பார்த்து மாற்றிவிட்டு, அணைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும் சர்வர்கள் இல்லாமலில்லை.

பூட்டையே விட்டொழிக்கும் வழிகளும் உண்டு, அவற்றுக்கும் விலை உண்டு. ஒரே ஆவணத்தைப் பலர் ஒரே நேரத்தில் திருத்தும் வசதி கூகுள் டாக்ஸ் வழியாகப் பரவலானது. எக்செல்லின் மேசைப் பதிப்புக்கு அது 2017இல் வந்தது. அதற்குக் கோப்பு ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ இருக்க வேண்டும். அலுவலகத்து மூலையில் இருக்கும் சாதாரணப் பகிர்ந்த கோப்புறையில் நடக்காது. மாதச் சந்தாவும் நம்பகமான இணையமும் சேர்ந்த கணக்கு அது. பூட்டில்லாமல் கோப்புறையை ஒத்திசைக்கும் சேவைகள், மோதல் வந்தால் ‘முரண்பட்ட நகல்’ என்று இன்னொரு கோப்பை உருவாக்கி, தீர்ப்பைப் பயனரிடமே விட்டுவிடுகின்றன. ‘இறுதி 2’ என்று மனிதர் செய்ததை இங்கே நிரல் செய்கிறது. தரவுத்தளம் என்றால் கோப்பைப் பகிராமல் தரவுத்தள சர்வருக்கு மாறுவதே நேர்வழி. சிறிய கோப்பில் முழுத் தரவுத்தளத்தையும் தரும் எஸ்கியூலைட்டை உருவாக்கியவர்களே, வலைப்பின்னல் கோப்பு முறைகளின் பூட்டுகளை நம்பி அதைப் பலர் பகிர வேண்டாம் என்று ஆவணத்தில் எச்சரிக்கிறார்கள். பூட்டை நம்பி வாழும் ஒரு மென்பொருளின் வாக்குமூலம் என்பதால் அதற்குத் தனி எடை உண்டு.

மறுபக்கம், பூட்டை வேண்டாம் என்று தள்ளிவைத்த துறையே அதைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. 1982இன் ஆர்சிஎஸ் என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருளில் நிரல் எழுதுபவர்கள் கோப்பைப் பூட்டி எடுத்துத்தான் திருத்தினார்கள். பின்வந்த சிவிஎஸ் பூட்டாமல் திருத்திப் பிறகு இணைக்கும் வழக்கத்தைப் பரப்பியது. கிட் அதையே உலக வழக்கமாக்கியது. ஆனால் 2017இல் கிட்டின் பெரிய கோப்புகளுக்கான நீட்சியில் பூட்டு மறுபடி நுழைந்தது. காரணம் எளிது: இரண்டு பேர் மாற்றிய உரையை வரி வரியாக இணைக்கலாம், இரண்டு பேர் மாற்றிய ஓவியத்தையோ முப்பரிமாண மாதிரியையோ இணைக்க முடியாது. கட்டட வரைபடம், டிடிபி பக்கம், ஒலிப்பதிவு போன்றவற்றில் ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர் தொடாமலிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே பூட்டு பழைய காலத்து மிச்சம் ஆகாது.

மற்ற இடங்களில் மாற்றக்கூடியது, கோப்பு யார் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே. ஆண்டு முழுதுக்கும் ஒரே எக்செல் கோப்பு என்று வைத்திருக்கும் அலுவலகம், அதைப் பிரிவுக்கு ஒன்றாகப் பிரித்தாலே பாதி மோதல் போய்விடும். பார்க்க மட்டும் வேண்டியவர்களுக்குப் படிக்க மட்டுமான உரிமையைக் கொடுத்தால் அவர்கள் தவறியும் கோப்பைத் திருத்துவதற்காகப் பிடித்துவைக்க முடியாது. ஆக்சஸ் தரவுத்தளத்தில் படிவங்களை ஒவ்வொருவர் கணினியிலும், தரவை மட்டும் சர்வரிலும் வைப்பது நீண்டகாலப் பரிந்துரை. இன்னும் பலர் முழுக் கோப்பையும் சர்வரிலிருந்தே திறக்கிறார்கள். மதிய உணவுக்குப் போகும்போது கணினித் திரையைப் பூட்டும் பழக்கம் வந்துவிட்ட அலுவலகங்களில், திரைக்குப் பின்னால் கோப்பும் பூட்டியே கிடப்பதை யாரும் நினைப்பதில்லை.